தூணில் ஒன்பது மில்லிமீட்டர்

எனக்கு அளக்கத் தெரியும். பெருமைக்காகச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஆமாம், பெருமைக்காகத்தான் சொல்கிறேன். சர்வேயர் வேலைக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வயலில் இறங்கி நாலு எட்டு வைத்ததுமே இந்த வரப்பு இத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுவேன். டேப் போட்டுப் பார்த்தால் ஒரு சாண் கூடக் குறைய இருக்கும், அதற்கு மேல் போகாது. அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டு நிற்கிற வரப்பில் நடுவே நின்று கல் நட்டிருக்கிறேன். உறவுக்காரர் கல்யாணத்தில், மணமேடை ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அப்படிப்பட்ட நான் ரோட்டோர மண்டபம் ஒன்றை இரண்டு தடவை அளந்தேன். முதல் தடவை அளவெல்லாம் சரி, எழுதினது தப்பு. அந்தத் தப்பைத் திருத்துவதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டில் பாதி வழியில் இருக்கிறது அந்த மண்டபம். எட்டுக் கல் தூண், மேலே பலகைக்கல் பாவின கூரை, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் தளம், அவ்வளவுதான். சுவர் கிடையாது, அதனால் கதவும் கிடையாது. பக்கத்தில் ஒரு சுமைதாங்கி: இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே படுக்க வைத்தது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யாரையும் கூப்பிடாமல் தாங்களே சுமையை அதில் இறக்கிவிட்டு, இளைப்பாறின பிறகு தாங்களே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கொஞ்சம் தள்ளி மாடு தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டி. யார் கட்டினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் பதிவேட்டில் ‘சத்திரம், புறம்போக்கு’ என்று இரண்டே வார்த்தை. நடந்து போகிறவர்களுக்காகக் கட்டின இடம் என்பதால் பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் அது படுவதில்லை. அந்த வழியாகப் போய் வந்துகொண்டிருந்த நானே வேலைக்கு வரும்வரை அதைப் பார்த்ததில்லை.

முதல் தடவை போனது வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருஷம். ரோட்டோரப் புறம்போக்கு நிலங்களையெல்லாம் அளந்து, அதில் என்ன கட்டடம் இருக்கிறது, அது பயன்பாட்டில் இருக்கிறதா இல்லையா என்று எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். சித்திரை மாசம், காலை பதினொரு மணி. டேப்பின் அந்த முனையைப் பிடிக்க உதவியாளர் ஒருவர் கூட வந்திருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. மண்டபத்தில் ஒரு நாய் படுத்திருந்தது, வேறு யாரும் இல்லை. மேற்குப் பக்கத்து விளிம்பை அளந்தபோது உதவியாளர், “மேடம், டேப்பு கல்லுல படியல, நடுவுல தூக்கினு நிக்குது”ன்னார். “இழுத்துப் புடிங்க, சரியாப் பூடும்”னேன். இழுத்துப் பிடித்தார். ஆறு மீட்டர் நாற்பது. குறித்துக்கொண்டேன்.

கடைசிப் பத்தியில், ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மொத்தம் பத்து நிமிஷம். அன்றைக்கு அது மாதிரி ஏழெட்டு இடம் பார்த்தோம், எல்லா இடத்திலும் அதேதான் எழுதினேன். எல்லா இடமும் காலியாகத்தான் இருந்தது. கண்ணால் பார்த்ததை எழுதினேன், இதில் என்ன தப்பு வரும்?

தப்பு பன்னிரண்டு வருஷம் கழித்து என் மேஜைக்கே வந்தது. அந்த ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். அகலத்துக்குள் வருகிற கட்டடங்களின் பட்டியல் தயாராகி, ரோட்டு இன்ஜினியர்களோடு கூட்டாகப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் ஆபீஸுக்கு வந்திருந்தது. மண்டபத்துக்கு நேராக ‘பயன்பாட்டில் இல்லை, அகற்றலாம்’ என்று டைப் அடித்திருந்தது. ஆதாரமாக இணைத்திருந்த பழைய தாளில் என் கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னால் நான் போட்ட கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சுழி போடுவேன். அந்தச் சுழியைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. இடிக்கப் போகிறார்களே என்று அப்போது ஒன்றும் தோன்றவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

அகல எல்லையைக் குறிக்கச் சிவப்பு பெயின்ட்டோடு போனேன். முதல் தூணில் கோடு போட்டதுமே பின்னாலிருந்து குரல் வந்தது.

“இன்னாத்துக்குங்க பெயின்ட்டு?”

மண்டபத்துக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அந்தக் கொல்லைக்காரப் பெண்மணிதான், களைக்கொட்டோடு வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். அக்கா என்று கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ரோடு வருகிறது, மண்டபம் போகிறது, யாரும் உபயோகப்படுத்தாத இடம்தானே என்றேன்.

“யாரும் இல்லனு யாரு சொன்னது?”

“நான்தான்க்கா. நானே வந்து பாத்து எழுதினேன்.”

“என்னிக்கு வந்தீங்க?”

“சித்திரையில. காலையில பதினோரு மணிக்கு.”

அக்கா களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். “சித்திர மாசம் பதினோரு மணிக்கு எவன் மேடம் நடப்பான்? பௌர்ணமிக்கு வந்து பாருங்க. இந்தாண்டயிருந்து அந்தாண்ட போவ முடியாது, அவ்ளோ ஜனம். மலை சுத்தப் போறவங்க அத்தினி பேரும் இங்கதான் குந்திட்டுப் போவாங்க. இத்தினி வருசத்துல ஒரு பௌர்ணமிக்குக்கூட ஆபீசுலேந்து ஒருத்தரும் வர்லியே.”

“பௌர்ணமிக்கு எங்களுக்கு டூட்டிக்கா” என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திருவண்ணாமலையில் அரசாங்க வேலை பார்க்கிறவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பௌர்ணமி என்றால் மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் ஜனம் வரும். அந்தத் துறை இந்தத் துறை என்று பார்க்காமல் எங்கள் எல்லோரையும் டூட்டிக்குப் போட்டுவிடுவார்கள். குடிநீர்த் தொட்டியாண்ட ஒருவர், தற்காலிக பஸ் ஸ்டாண்டில் ஒருவர், செங்கம் ரோட்டுப் பக்கம் ஒருவர். சர்வேயர்கள் டேப்பை ஆபீஸில் வைத்துவிட்டு விசில் வாங்கிக்கொண்டு போய் நிற்போம். அன்றைக்கு ஃபீல்டுக்குப் போக வழியே கிடையாது. ஆக, வழிநடைக்காரர்களுக்கென்று கட்டின மண்டபங்களை, வழிநடைக்காரர்கள் வராத நாளாகப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். நான் மட்டுமில்லை, எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். ஜனம் எங்கே என்று கேட்டால், எங்கள் விசிலுக்கு எதிரே இருந்தது.

பெயின்ட் டப்பாவை மூடினேன். ஆபீஸுக்குத் திரும்புகிற வழியெல்லாம் என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. எத்தனையோ பேருக்கு நிலம் அளந்து தீர்ப்புச் சொன்னவள், ஒரு நாயைப் பார்த்துவிட்டு ஒரு மண்டபத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்கு ஒரு தோழியிடம் கெஞ்சி டூட்டியை மாற்றிக்கொண்டேன். காலைப் பாதி எனக்கு, மாலைப் பாதி அவளுக்கு. மூன்றரை மணிக்கெல்லாம் ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போய்விட்டேன்.

அக்கா சொன்னதில் மிகை ஒன்றும் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து ரோட்டின் ஓரமாக ஜனம் வந்துகொண்டே இருந்தது. பைகளைத் தலையில் வைத்த பெண்கள், துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்ட ஆண்கள், புது ஷூ கடித்து அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த கல்லூரிப் பெண்கள், போனில் பக்திப் பாட்டு ஓடவிட்டுக்கொண்டு ஒரு கூட்டம். சுமைதாங்கியில் பைகளை இறக்கினார்கள். தொட்டியில் மொண்டு கால் கழுவினார்கள். தளத்தில் ஏறிக் குந்தினார்கள். கொல்லைக்கார அக்காவும் இன்னும் நாலு பெண்களும் வாளியில் மோரும் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஊற்றிக் கொடுத்தார்கள். மாசத்துக்கு ஒரு தெரு என்று முறையாம். இந்த மாசம் அவர்கள் தெரு.

ஒன்றைக் கவனித்தேன். உட்கார இடம் நாலு பக்கமும் இருந்தும், முதலில் நிரம்பியது மேற்கு விளிம்புதான். அங்கிருந்து மலை முழுசாகத் தெரியும். மேற்கு வரிசையில் நாலு தூண். ஆளுக்கொரு தூணில் முதுகைச் சாய்த்து, காலைத் தொங்கப் போட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுந்தால் அந்தத் தூணில் இன்னொருவர் சாய்ந்தார். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

எனக்கு ஆதாரம் வேண்டும். நான் பார்த்தேன் என்றால் போதாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் யாரும் இல்லை என்று எழுதினதும் இதே நான்தானே. உபயோகப்படுத்துகிறவர்களிடம் வாக்குமூலம் வாங்க வேண்டும். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், தெரு, கையெழுத்து. படிவம் கொண்டு போயிருந்தேன். மோர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் போய், “ஐயா, உங்க பேரு? எந்த ஊருங்க?” என்றேன்.

அக்கா வாளியை வைத்த வேகத்தில் மோர் தெறித்தது. “மேடம்! இங்க வாங்க.”

கையைப் பிடித்துத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். “மண்டபத்துல யாரையும் ஊரு கேக்கக் கூடாது. தெரியாதா உங்களுக்கு?”

“இல்லக்கா, இது ரெக்கார்டுக்கு...”

“எதுக்கா இருந்தாலும் கேக்கக் கூடாது. கால் வலிக்குதானு கேளுங்க, தண்ணி வேணுமானு கேளுங்க, அதோட நிறுத்திக்கோங்க. ஊரக் கேட்டா அடுத்து தெருவக் கேப்பீங்க. தெருவக் கேட்டாச்சுனா அதுக்கப்பறம் இன்னானு நான் சொல்லணுமா? எங்க ஆளுங்கள ஒரு காலத்துல இந்தச் சுத்துவட்டாரத்துல எங்கயும் குந்த உட்டதில்ல. இங்க குந்தினோம். ஏன்னா இங்க யாரும் கேக்கல. இன்னிக்கு எங்க கையால மோரு வாங்கிக் குடிக்கிறாங்களே, அவங்களும் கேக்கல. நீங்க பேப்பரத் தூக்கினு வந்து கேக்கிறீங்க.”

“கேக்கலனா மண்டபத்த இடிச்சிடுவாங்கக்கா.”

“இடிக்கட்டும். ஊரு கேக்கிற மண்டபம் எங்களுக்கு எதுக்கு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவங்களுக்காகத்தானே டூட்டியை மாற்றிக்கொண்டு, சாப்பிடாமல் வந்திருக்கிறேன் என்று தோன்றியது. படிவத்தை மடித்துக் கைப்பையில் திணித்துவிட்டுத் தொட்டி விளிம்பில் போய் நின்றேன். கோபம் அடங்க ஒரு டம்ளர் மோர் ஆனது. அடங்கின பிறகு மடித்த தாளைப் பிரித்துப் பார்த்தேன், அக்கா சொன்னது சரிதான். என் படிவத்தில் ஊருக்கு அடுத்த கட்டம் தெருதான்.

அப்படியே மேற்கு வரிசைத் தூண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மாள் எழுந்தார். அடுத்தவர் உட்காருவதற்குள், அந்தத் தூணின் முகத்தில் வெயில் சாய்ந்து விழுந்தது. கல் பளபளவென்று இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் உளி கொத்தின புள்ளிகள் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் அம்மிக் குழவி மாதிரி வழவழப்பு. அப்போதுதான் அன்றைக்கு உதவியாளர் சொன்னது காதில் விழுந்தது. டேப்பு கல்லுல படியல மேடம். நடுவுல தூக்கினு நிக்குது.

டேப் எங்கே தூக்கிக்கொண்டு நின்றது? டேப் நேராகத்தான் இருந்தது. கல்தான் நடுவில் இறங்கியிருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கின கல். ஆதாரம் என் டேப்புக்கு அடியிலேயே இருந்திருக்கிறது, நான் இழுத்துப் பிடிக்கச் சொல்லி அதன் மேலாக அளந்துவிட்டு வந்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே. பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் என்ன ஆச்சுங்க என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆட்களெல்லாம் போன பிறகு ஸ்டீல் ஸ்கேலும் நூலுமாக மறுபடி போனேன். நூலின் ஒரு முனையை அக்காவைப் பிடிக்கச் சொன்னேன். முதலில், “யாரையும் ஒண்ணும் கேக்க மாட்டீங்களே?” என்று உறுதி வாங்கிக்கொண்டார். கல்லைத்தான் கேக்கப் போறேன் என்றேன். சிரித்துவிட்டு நூலைப் பிடித்தார்.

மேற்கு விளிம்புக் கல்லில் நூலை இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் கல்லுக்கும் இடைவெளி பார்த்தேன். இருபத்தொரு மில்லிமீட்டர். தூண்களில் மேலிருந்து கீழாக நூல் பிடித்துப் பார்த்தேன். வடக்கேயிருந்து இரண்டாவது தூணில்தான் ஜாஸ்தி, ஒன்பது மில்லிமீட்டர். மற்ற மூன்றில் அதைவிடக் கம்மி. கிழக்கு வரிசைத் தூண்களில் நூல் கல்லோடு ஒட்டி நின்றது, தேய்மானமே இல்லை. மலையைப் பார்த்த பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. கருங்கல் முதுகுச் சட்டையில் உரசி ஒன்பது மில்லிமீட்டர் தேய எத்தனை முதுகு வேண்டும்? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் அது பன்னிரண்டு வருஷத்தில் நடக்கிற காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

குறுக்குவெட்டுப் படம் போட்டு, ஒவ்வொரு தூணுக்கும் அளவு எழுதி, எங்கள் மேலதிகாரியிடம் கொண்டு போய் வைத்தேன். நல்ல மனுஷர். யார் மேலும் குரலை உயர்த்தாதவர். படத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

“மாடு உரசியிருக்கலாமேம்மா? தொட்டி வேற பக்கத்துல இருக்குதுன்றீங்க.”

“மாடு தளத்துல ஏறித்தான் தூண்ல உரச முடியும், அப்ப மூணு அடிக்கு மேல உரசும் சார். இந்தத் தேய்மானம் தளத்துலேந்து ஒரு அடியில ஆரம்பிச்சு ரெண்டரை அடியில முடியுது. குந்தியிருக்கிற மனுஷன் முதுகு. வேணும்னா நீங்க சாய்ஞ்சு குந்துங்க சார், அளந்து காட்டறேன்.”

சாய்ந்து உட்காரவில்லை, சிரித்தார். அப்புறம் கதவைச் சாத்தச் சொன்னார்.

“சரிம்மா. நீங்க சொல்றது சரி. ஆனா பழைய குறிப்பு உங்களோடது. தப்பா எழுதிட்டேன்னு நீங்களே எழுதினா விளக்கம் கேக்காம இருக்க முடியாது. பதவி உயர்வுப் பட்டியல் தயாராவுது, உங்க பேரு அதுல இருக்குது. விளக்கம் பாக்கியிருந்தா பேரு போயிடும். ஒரு வழி சொல்றேன். ‘அப்போது பயன்பாட்டில் இல்லை, பின்னர் பயன்பாட்டுக்கு வந்துள்ளது’னு எழுதுங்க. உங்களுக்கும் பிரச்சினை இல்ல, எனக்கும் இல்ல.”

நல்லதுக்குத்தான் சொன்னார். யோசிக்க இரண்டு நாள் கேட்டேன்.

அந்தப் பதவி உயர்வுக்காக நாலு வருஷமாகக் காத்திருந்தேன். வெயிலில் வரப்பு வரப்பாக நடந்த முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தன. பதவி உயர்வு கிடைத்தால் நாற்காலி வேலை. இதையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, “சார் சொல்ற மாதிரி எழுதினா மண்டபம் நிக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

நிற்காது. அதுதான் விஷயம். காலங்காலமாக ஜனம் உபயோகப்படுத்துகிற இடம் என்றால் ரோட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். நேற்று வந்த பழக்கம் என்றால், நாளைக்கு இன்னொரு நிழற்குடை கட்டித் தருகிறோம் என்று முடித்துவிடுவார்கள். ‘பின்னர்’ என்ற ஒரு சொல்லைப் போட்டால் என் பெயர் பட்டியலில் நிற்கும், மண்டபம் விழும். அதோடு, ஒன்பது மில்லிமீட்டர் என்று நானே எழுதின தாளிலேயே அது நேற்று வந்தது என்றும் எழுதினால், அளக்கத் தெரியாதவள் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். மண்டபத்தைக்கூட விட்டுக் கொடுத்திருப்பேனோ என்னவோ, என் அளவை விட்டுக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என் குணம் அப்படி.

மூன்றாம் நாள் எழுதினேன். ‘முந்தைய ஆய்வில் பயன்பாட்டில் இல்லை என்று குறித்தது தவறு. பௌர்ணமி அல்லாத நாளில் பார்த்து எழுதப்பட்டது. தளத்தின் மேற்கு விளிம்பிலும் தூண்களிலும் நீண்டகாலப் பயன்பாட்டின் தேய்மானம் அப்போதே இருந்தது. அதன் மீதே டேப் வைத்து அளந்தும் நான் கவனிக்கவில்லை. தவறு என்னுடையது.’ இப்போது போடுகிற கையெழுத்தைப் போட்டேன், சுழி இல்லாமல்.

மேலதிகாரி இரண்டு தடவை படித்தார். “‘கவனிக்கவில்லை’னு போடணுமாம்மா? வேற வார்த்தை...” என்று இழுத்தார். வேற வார்த்தை இல்ல சார் என்றேன். என்னைத் திட்டாமல், அதற்குக் கீழேயே மண்டபத்தை இடிக்க வேண்டாம் என்று தன் பரிந்துரையையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்டு ஆய்வுக்கு ரோட்டு இன்ஜினியர்கள் வந்தார்கள். ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தித் தூணின் மேல் வைத்து, நடுவில் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒவ்வொருவராக விட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கம் வேலிகாத்தான் முள் மண்டின புறம்போக்கு. இரண்டு மாசத்தில் திருத்தின வரைபடம் வந்தது. அந்த இடத்தில் மட்டும் ரோடு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகிறது. என் சிவப்புக் கோட்டை அக்கா மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. பதில் எழுதினேன். பதில் பரிசீலனையில் இருக்கும்போதே பட்டியல் வெளியானது. என் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர் பெயர் அதில் இருந்தது. அவருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நியாயம் என் பக்கம் என்பது தெரிந்தும் வருத்தமாகத்தான் இருந்தது. யாராவது கேட்டால் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பௌர்ணமிக்கு, வேலைக்குச் சேர்ந்து முதல் தடவையாக, லீவு கேட்டேன். மேலதிகாரி எதுவும் கேட்காமல் கொடுத்தார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டிலிருந்து மலை ஜன்னல் வழியாகவே தெரியும். ஆனாலும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய், அங்கே இறங்கி, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் நடப்பதை விசில் ஊதிப் பார்த்தவளுக்கு, தான் நடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும் போலிருந்தது. முதல் மூன்று கிலோமீட்டர் ஜோராக இருந்தது. அப்புறம் முழங்கால் தன் வேலையைக் காட்டியது. மண்டபம் கண்ணில் பட்டபோது மணி நாலரை. இரண்டு காலையும் இழுத்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன்.

அந்த மாசம் வேறு தெருக்காரர்கள் முறை. அக்காவைக் காணோம், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. சர்வேயர் என்றோ, பட்டியலில் பெயர் போனவள் என்றோ அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. மேற்கு விளிம்பில் வடக்கேயிருந்து இரண்டாவது தூணில் சாய்ந்திருந்த ஒரு அம்மாள் என் நடையைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். இரண்டு தடவை இந்த மண்டபத்தை அளந்திருக்கிறேன், ஒரு தடவைகூட இதில் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டேன். வாளியோடு வந்த பெண் டம்ளரை நீட்டினாள். எந்த ஊர் என்று கேட்கவில்லை.

“கால் வலிக்குதாங்க?”

“வலிக்குது” என்றேன். அத்தனை நாளாக யாரிடமும் சொல்லாததைச் சொன்ன மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. அவள் அதற்கும் ஒன்றும் கேட்காமல், இன்னொரு டம்ளர் ஊற்றிவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

எதிரே மலை. முதுகைப் பின்னால் சாய்த்தேன். தூணில் அந்தப் பள்ளம் முதுகை அப்படியே வாங்கிக்கொண்டது. நான் எடுத்த அளவு சரியாகத்தான் இருந்தது.